குறையில்லாத வீடு

எந்த வீட்டுப் பேச்சையும் போன் வழியே ஒட்டுக்கேட்கும் அரசாங்கச் செயலி கசிந்தபோது ஊரே கொதித்தது. மறுவாரம் ஊரே அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டது.

மகளுக்கு வரன் வந்ததிலிருந்து செண்பகம் வீட்டில் யாரையும் வாய்விட்டுப் பேச விடவில்லை. புருஷனோடு சண்டையென்றால்கூட போனைக் கீழே வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்த்தான்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தொடவே இல்லை. "ஒரு மாசமா உங்க வீட்டைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்," என்றாள்.

செண்பகம் கேசரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "தப்பா ஏதும் பேசிட்டோமாங்க?"

"ஒண்ணுமே பேசலையே! உங்களுக்குள்ள ஒரு சண்டையில்லை, எங்களைப் பத்தி ஒரு குறையில்லை. இவ்வளவு மறைக்கிற வீட்டுல பொண்ணெடுக்க பயமா இருக்கு."

அவர்கள் கார் தெரு திரும்பியதும், செண்பகம் கணவரை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இனிமே கீழேயே சண்டை போடலாங்க," என்றாள். "என்னை நல்லாவே திட்டுங்க. அடுத்த வரனாவது அமையட்டும்."