வெள்ளித் தாம்பாளத்தின் தாழ்மை

பெரிய வியாழன். கோயிலில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. வாசல் கழுவும் மிக்கேலம்மாள் சேற்றுக் காலோடு ஓரமாக நின்று அந்தக் காலி நாற்காலியையே பார்த்தாள்.

"அவ உட்காரட்டுமே," என்றது அவளுடைய பிளாஸ்டிக் வாளி.

"போடா! மத்தவங்க வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்திருக்காங்க. இவ கால் பட்டா தண்ணி கலங்கிடும்," என்றது பாதம் கழுவ வைத்திருந்த வெள்ளித் தாம்பாளம்.

சாமியாருக்கும் அதே நினைப்போ என்னவோ, நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.

பூசை முடிந்தது. சிந்திய தண்ணீரை மிக்கேலம்மாள் மண்டியிட்டுத் துடைத்தாள்.

பட்டுத்துணிக்குள் போகும்போது தாம்பாளம் சொன்னது: "எவ்வளவு தாழ்ந்து போனேன், பார்த்தியா? சனமே அழுதுடுச்சு."

"நாளைக்கு?" என்றது வாளி.

"நாளைக்கா? இனி அடுத்த வருசந்தான்."