பாதி எடை

"பாதி எடையா? யாரைக் கேட்டு அவளுக்குப் பாதி எடை குடுத்த?"

காரிமங்கலத்து ஜிம்முக்குள் செருப்போடு நுழைந்த கிருஷ்ணப்பனைப் பார்த்து, பயிற்சியாளர் பிரபாகர் வாயிலிருந்த விசிலை எடுத்தார். சேலத்திலிருந்து புதிதாக வந்தவர். இந்தப் பெரியவரை அவருக்குத் தெரியவில்லை.

"யாருக்குங்க?"

கிருஷ்ணப்பன் திரும்பாமலே கட்டைவிரலைப் பின்பக்கம் நீட்டினார். அங்கே கலைமதி கம்பியில் இரும்பு வட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எதிர் டீக்கடையில உக்காந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். போன வாரம் தூக்கினதுல பாதிதான் இன்னிக்கு மாட்டுறா. 'கிருஷ்ணப்பன் மக சோந்துட்டாடோய்'ங்கறான் ஒருத்தன். அதுவும் என் காதுபட!"

"அட, அப்பாவா? உக்காருங்க ஐயா."

"உக்கார வரல. எங்க வம்சத்துல பாரத்துக்குப் பயந்தவங்க யாரும் கிடையாது. ஞாயித்துக்கிழமை மாவட்டப் போட்டியில மைக்குல 'கே. கலைமதி'ன்னுதானே கூப்பிடுவீங்க? அந்த 'கே' யாரு? நான்! என் இனிஷியலைப் போட்டுக்கிட்டு எளப்பமா தூக்கினா ஊரு காறித் துப்பாது?"

பிரபாகர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஐயா, பலம் அவகிட்ட நெறைய இருக்கு. வேகம்தான் பத்தல. கம்பி தரையிலிருந்து வெடி மாதிரி கிளம்பணும். பாரத்தையே ஏத்திக்கிட்டுப் போனா, ஒடம்பு மெதுவாத் தூக்கத்தான் பழகும். அதான் எடையைக் குறைச்சு, வேகத்தைக் கூட்டறோம்."

"சாக்கு சொல்லாத."

"நீங்களே பாருங்க. கலை, தூக்கும்மா!"

கிருஷ்ணப்பன் எதிர்ச்சுவரில் இருந்த கண்ணாடியைத்தான் பார்த்தார். கண்ணாடிக்குள் கலைமதி குனிந்தாள். கண் இமைப்பதற்குள் கம்பி அவள் தலைக்கு மேல் நின்றது. வட்டுகள் மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தன.

அவர் மீசை ஒருமுறை துடித்தது. "ம்... இன்னும் கொஞ்சம் வேகம் வேணும்னு சொல்லு."

"பக்கத்துலதானே நிக்கறா, நீங்களே சொல்லுங்க."

"நான் அவகிட்டப் பேசறதில்ல."

"வூட்டுச் சண்டையா? சரி விடுங்க. ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. முன்வரிசையில நாற்காலி போட்டு வைக்கறேன்."

"அது ஆவாது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "ஊரு என்ன பேசும்?"

"பெத்த பொண்ணு ஜெயிக்கறதைப் பாக்க வந்தா, ஊரு என்னங்க பேசும்?"

மறுபடி தூக்கிய கம்பி தடாலென்று தரையில் விழுந்தது. கலைமதி சொன்னாள்:

"விடுங்க சார். நான் எனக்குப் புடிச்சவரைக் கட்டிக்கிட்ட மறுநாளே, என் போட்டோவைப் போட்டு பஸ் ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலி பேனர் வெச்சவரு. செத்துப்போனவ ஜெயிக்கறதை எப்படி வந்து பாப்பாரு?"