இரவில் எங்கே படுப்பீர்கள்?

"அக்கா, நீங்கள் தமிழோ?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மதாம் மர்கரீத் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பிரெஞ்சில் பேசுங்கள், மிஸ்யே" என்றாள் பிரெஞ்சில்.

கேட்ட மடுத்தீனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதே நிறம், அதே முகவெட்டு, கழுத்தில் சிலுவை கோத்த தாலி வேறு.

"விடு மடுத்தீன். பாண்டிச்சேரி ஆக்கள். பிரெஞ்சுப் பாஸ்போட் கைக்கு வந்தவுடனை தமிழ் மறந்துபோச்சு" என்று சத்தமாகவே சொன்னார் துணைக்கு வந்த வலன்ரைன்.

எண்பத்தாறாம் வருஷத்துப் பாரிஸில், தமிழர் கூடும் லா சப்பலில் சட்டம் கேட்க வக்கீலைத் தேட வேண்டியதில்லை. வலன்ரைன் இருந்தார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

மடுத்தீனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு தாள்தான். அவன் பிரான்சில் குடியிருந்து வரி கட்டுகிறவன் என்று இந்த வரி அலுவலகம் எழுதித் தரவேண்டும். அதைக் காட்டினால் பிரெபெக்தூர் என்ற அரசு அலுவலகத்தில் கார்த், அதாவது பத்து வருட வதிவிட அட்டை, கிடைக்கும். கார்த் வந்தால்தான் மன்னாரில் இருக்கும் மனைவி சுகிர்தத்தையும் மகளையும் கூப்பிடலாம். மகளை அவன் இதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறான்.

வரும் வழியிலேயே வலன்ரைன் அவன் மனத்தைக் கலைத்துவிட்டார்.

"ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. ஒருத்தனிட்டை ரெண்டு இடத்திலை வரி வாங்கேலாது. நீ மன்னாரிலைதான் குடி எண்டு சொல்லு. இஞ்சை வரியில்லை. அங்கை ஆர் வந்து கேக்கப்போறான்?"

"அப்ப கார்த், அண்ணை?"

"அது வேறை கந்தோர். அங்கை போய் பிரான்சிலைதான் குடி எண்டு சொல்லுவம்!"

மர்கரீத் பேனாவை எடுத்தாள்.

"உங்கள் நிரந்தர வீடு எங்கே?"

"மன்னார் எண்டு சொல்லு" என்றார் வலன்ரைன்.

"அந்த வீட்டிலை இப்ப ஆமி எல்லோ இருக்குது, அண்ணை."

"ஆமி இருந்தா என்ன? வீடு உன்ரைதானே!"

மடுத்தீன் தயங்கித் தயங்கி, "மன்னார்" என்றான்.

மர்கரீத் காதருகே கையை வைத்தாள். "புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள்."

"மன்னார்!"

"புரியவில்லை."

"தமிழும் தெரியாது, பிரெஞ்சும் விளங்காது. நல்ல செவிட்டு மூதேவியிட்டை வந்து மாட்டியிருக்கிறம்!" என்றார் வலன்ரைன்.

பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அடுத்த கேள்வி வந்தது.

"உங்கள் வாழ்க்கைக்கு முக்கியமான இடம் எது?"

"பெண்சாதி பிள்ளை அங்கைதானே. அதையே சொல்லு."

"மன்னார்."

"புரியவில்லை."

உள்ளே இருந்து அதிகாரி கத்தினார். "மதாம் மர்கரீத்! காது டாக்டரிடம் போகச் சொன்னேனே, போனீர்களா?"

"அடுத்த வாரம் போகிறேன், மிஸ்யே" என்று சொல்லிவிட்டு அவள் மடுத்தீனைப் பார்த்தாள். "இரவில் வழக்கமாக எங்கே படுப்பீர்கள்?"

மடுத்தீன் உண்மையாகவே திணறிப்போனான். பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலில் அவன் இருக்கும் அறையில் கட்டிலுக்கும் ஷிப்ட் உண்டு. இரவில் அவன் கட்டிலில் பேதுரு படுப்பான். ரொட்டிச்சாலையில் இரவு வேலை முடிந்து வரும் மடுத்தீனுக்கு அது பகலில்தான் கிடைக்கும்.

வலன்ரைன் துள்ளிக் குதித்தார். "அருமை! கேள்வி இரவைப் பற்றித்தானே? நான் இரவிலை பிரான்சிலை படுக்கிறதேயில்லை எண்டு சொல்லு. பொய்யுமில்லை!"

பாவம், அதையும் சொன்னான்.

"புரியவில்லை."

மறுபடி சொன்னான்.

"புரியவில்லை."

மடுத்தீனுக்குப் பொறுமை போய்விட்டது. வலன்ரைனின் கையைத் தட்டிவிட்டுத் தனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் கத்தினான்.

"நான் இங்கே! வேலை இங்கே! கட்டில் இங்கே, பாதிக் கட்டில்! மனைவி, பிள்ளை இங்கே வரவேண்டும்! எனக்கு வேறு இடம் இல்லை!"

"ஆ, இப்போது நன்றாகப் புரிகிறது" என்றாள் மர்கரீத். மளமளவென்று எழுதி, முத்திரை குத்தித் தாளை நீட்டினாள்.

வலன்ரைனுக்குத்தான் ஆறவில்லை. "நான் சொல்லித் தந்த ஒண்டையும் எழுதேல்லை. இனி இருந்து வரி கட்டு!" என்று வழியெல்லாம் புறுபுறுத்தார்.

சனிக்கிழமை இருவரும் ரூ பஜோல் பக்கம் தமிழ்க் கடைக்குப் போனார்கள். உள்ளே ஒரு பெண் கடைக்காரரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது முருங்கைக்காயா, வெறகா? இதுக்கா இந்த வெலை?"

மதாம் மர்கரீத்!

"அப்ப உங்களுக்குத் தமிழ் தெரியும்!" வலன்ரைன் பாய்ந்தார். "பிறகேன் எங்களை அந்தப் பாடு படுத்தினனீங்கள்?"

அவள் நிதானமாகத் திரும்பினாள்.

"எனக்குத் தமிழ் தெரியும்னு ஆபீஸ்ல தெரிஞ்சா, அதிகாரி என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதையெல்லாம் பிரெஞ்சுல சொல்லும்பாரு. சொல்லியிருக்கணுமா?"

வலன்ரைன் ஒரு முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

"இவர் இந்த நாட்டுல குடியில்லேன்னு என் கையால ஒரு வரி எழுதியிருந்தா, கார்த்தை மறந்துட வேண்டியதுதான். அதான் சரியான பதில் வர்ற வரைக்கும் காது கேக்கலை."

மடுத்தீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, அண்டைக்கு உங்களை மூதேவி எண்டெல்லாம்..."

"அதுவும் என் காதுல விழலை, தம்பி."

முருங்கைக்காயைப் பையில் செருகிக்கொண்டு வாசல்வரை போனவள், வலன்ரைனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பிரெபெக்தூருக்குப் போறப்போ மட்டும் இவரைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அங்க எல்லாருக்கும் காது நல்லாக் கேக்கும்."