பதினேழாவது ஆள்

எண்கள் விற்கும் கடைக்கு வந்த முப்பிடாதி, போன வருஷம் வாங்கிய 7,20,720-ஐ மேஜைமேல் வைத்தாள்.

"மாத்திக் குடுங்க அண்ணாச்சி."

"பதினாறு பேர் இருக்க வீட்டுக்கு இதைவிட நல்ல எண்ணு ஏது தாயி? ஒண்ணுலேருந்து பதினாறு வரைக்கும் எதால வகுத்தாலும் மிச்சம் வராதே!"

"பதினேழால வகுத்தா அஞ்சு மிஞ்சுதே. எங்க அக்கா செத்துப்போயிட்டா, அவ மகளைக் கூட்டிட்டு வரணும். மிச்சம் வந்தா பிள்ளைய வாசப்படி ஏத்தமாட்டேன்னு மாமியா ஒத்தக்கால்ல நிக்காக."

அந்த ஊரில் அதுதான் வழக்கம். வீட்டு எண் மிச்சமில்லாமல் பிரிந்தால்தான் புதிதாக ஆள் சேர்க்கலாம்.

அண்ணாச்சி பரணில் ஏறி, தூசி தட்டி, 1,22,52,240-ஐ இறக்கினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், நல்ல கனம்.

"உன் பழசைப் பதினேழால பெருக்குனது. பதினேழுக்கும் பிரியும், பதினெட்டுக்கும் பிரியும். பதினெட்டு நம்ம கடை கொசுறு."

போகத் திரும்பியவள் நின்றாள். "பதினெட்டுக்குமா?"

"ஆமா. வீட்ல விசேஷமா?"

"அட, நீங்க வேற! அந்தப் பிள்ள ஒரு நாய்க்குட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு, அதை விட்டுட்டு வரமாட்டேன்னு அழுதுக்கிட்டு இருக்கு."

அண்ணாச்சி பழைய எண்ணை எடுத்து ஓரமாக வைத்தார்.

"கூட்டிட்டுப் போ தாயி. காலு நாலுன்னாலும் ஆளு ஒண்ணுதான்."