நாலாவது வார்டு

“அர்ச்சுனன்னு யாரும் இங்க இல்லம்மா. கம்பியூட்டர்ல பேரே காட்டல.”

கவுண்டர் பெண் சொன்னதும் காளியம்மா குரலை உயர்த்தினாள். “நேத்து நாலாவது வார்டுல நான்தானே சேர்த்துட்டுப் போனேன்? காலைல கம்பார்லருந்து பஸ் புடிச்சு வாரேன். எம் புருசன் எங்க?”

1987. மலேசியாவின் ஈப்போ நகரில் அந்த மருத்துவமனைக்குக் கணினி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் இளையதம்பி, அவள் குரல் கேட்டு ஓடி வந்தார்.

“பயப்படாதீங்கம்மா. ஒருத்தர இடம் மாத்துறப்ப, மெசின் பழைய இடத்துலருந்து பேர எடுத்துட்டுத்தான் புது இடத்துல போடும். நடுவுல கரண்டு போச்சுலா, அதான் ரெண்டு இடத்துலயும் பேரு இல்ல. ரெண்டும் முடியலன்னா எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடணும்.”

பொத்தான்களைத் தட்டினார். திரையில் பெயர் வந்தது: அர்ச்சுனன், நாலாவது வார்டு.

“இந்தா, இருக்காரு! போய்ப் பாருங்க.”

காளியம்மா அவரைக் கும்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக மாடிப்படி ஏறினாள்.

தொலைபேசி ஒலித்தது. நாலாவது வார்டு தாதி சாரதாதேவி பேசினாள்.

“அண்ணே, அர்ச்சுனன் பேர மாத்திக்கிட்டு இருந்தேன், கரண்டு போயிருச்சு. பதிவாயிருச்சா?”

“இல்ல, பழைய இடத்துக்கே கொண்டு வந்துட்டேன். எந்த வார்டுக்கு மாத்துனீங்க?”

“வார்டு இல்லண்ணே, பிணவறைக்கு. விடியறப்பத் தவறிட்டாரு. சம்சாரம் வந்தா கீழேயே உட்கார வைங்க. டாக்டர் வந்து சொல்லுவாரு.”

இளையதம்பி ரிசீவரைப் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினார்.

“அம்மா, நில்லுங்க!”

மேலே வார்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.