முழங்கால் உயரத்தில் ஒரு பெட்டி

மூடியில் நான்கு திருகுகள். மூன்றைக் கழற்றியாயிற்று. நான்காவது அடம் பிடித்தது.

"வெச்சவன மாதிரியே இருக்கு. போக மனசில்ல" என்று ஒயர்மேன் தனக்குள் முணுமுணுத்தான்.

வீட்டின் கீழ்த்தளத்தில் ஈரம் இன்னும் வாடவில்லை. முந்தின நாள் மழையில் தெருத் தண்ணீர் மொத்தமும் இங்கேதான் இறங்கியது. சுவரில் சேற்றுக்கோடு அவன் இடுப்புக்கு நின்றது. அதற்கும் கீழே, முழங்கால் உயரத்தில், தண்ணீரை வெளியேற்றும் மோட்டாரின் சுவிட்ச் பெட்டி.

மூன்று வருடமாக இதே கதைதான். தண்ணீர் வரும். பெட்டி முழுகும். மேலே மெயினைப் போட்டால் மோட்டார் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

மனைவியின் முதல் கணவனும் ஒயர்மேன். வேலை செய்யும்போது கரண்ட் அடித்துப் போய்விட்டான் என்று சம்பந்தம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள். எங்கே, எப்படி என்று இவன் கேட்கவில்லை. ஒயர்மேன் வேலையில் போனால் அது வேறு யாருடைய வீட்டிலாவதுதான் இருக்கும். தவிர, அந்த மனிதனைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்பதே இவனுக்குக் கசந்தது.

அவனுடைய போட்டோ பீரோவுக்குள் போய்விட்டது. சட்டைகளை யாருக்கோ கொடுத்தாயிற்று. பெட்டி மட்டும் சுவரை விட்டு இறங்குவதாக இல்லை.

போதாக்குறைக்கு மச்சினன் வரும்போதெல்லாம் ஓர் ஊசி ஏற்றிவிட்டுப் போவான். "கீழ என்ன வேணா மாத்துங்க மாமா. அந்தப் பெட்டியில மட்டும் கை வெக்காதீங்க, அக்காவுக்கு ஆகாது."

இன்று கை வைத்துவிட்டான்.

காலையில் கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்துப் போட்டார். ஒன்று தூறல் தாங்கும். ஒன்று குழாயால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். மூன்றாவது, ஒரு மீட்டர் தண்ணீருக்குள் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே சொட்டு இறங்காது. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதற்கு அல்ல, வந்து வடிகிற தண்ணீருக்கு என்றார். ஒயர்மேன் மூன்றாவதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது, செத்தவனை ஒரு படி முந்திவிட்ட நிம்மதி வந்தது.

நான்காவது திருகும் விட்டுக்கொடுத்தது. மூடியின் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டுத் திறந்தான். உள்ளே ஈரம் இருக்க வேண்டும். ஒரு துளி போதும். செம்பில் கொஞ்சம் பச்சைக் களிம்பு இருந்தால்கூடப் போதும்.

உப்புக் கொட்டி வைக்கலாம் போலக் காய்ந்திருந்தது.

மூடியைச் சுற்றி ஓடிய ரப்பரில் ஒரு கீறல் இல்லை. எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று ஓரத்தில் பொறித்திருந்த எண், இவன் வாங்கி வந்த பெட்டியில் இருந்த அதே எண். ஒயர்களோ, விரற்கடைக்கு ஒரு கட்டாக, மெழுகு தேய்த்த நூலால் கட்டப்பட்டிருந்தன. எல்லா முடிச்சும் ஒரே பக்கம் பார்த்தன. இருபது வருடத் தொழிலில் இவ்வளவு பொறுமையாக இவன் ஒரு பெட்டியைக் கட்டியதில்லை.

ஒரு குற்றமாவது கண்டுபிடிக்க வேண்டுமே. கிடைத்தது.

"தண்ணி வர்ற எடத்துல இவ்வளவு கீழ எவனாவது பெட்டி வெப்பானா?" என்று மேலே கேட்கும்படியாகவே சொன்னான்.

படியின் உச்சியில் மனைவி நின்றிருந்தாள். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தவளின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. இவன் கீழே இறங்கும்போதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்பாள், வலது கையை இறுக மூடிக்கொண்டு. பெட்டியைத் தொட்டுவிடுவானோ என்ற கோபம் என்றுதான் இவன் எடுத்துக்கொண்டிருந்தான். முன்னவனையும் இப்படிக் காவல் காத்திருப்பாளா?

இவன் ஒயர்களை விடுவித்துப் பெட்டியைச் சுவரிலிருந்து பெயர்த்தான்.

சுவருக்கு வெள்ளையடித்தவர்கள் பெட்டியைச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பெட்டி மறைத்திருந்த இடத்தில் கரி. கரிக்கு நடுவே, இதைவிடச் சின்னதாக, இன்னொரு பெட்டி இருந்த தடம்.

"இதுக்கு முன்னாடி வேற பெட்டி இருந்துச்சா?"

"அதுதான் அவரு போட்டது. தூறலுக்குத் தாங்கும்னு வாங்கிட்டு வந்தாரு." அவள் குரல் துணிக்கு அளவு சொல்வது போல இருந்தது. "இது நான் வாங்கினது. கடைத் தொட்டியில அமுக்கி வெச்சு, அரை மணி நேரம் பக்கத்துலயே உட்கார்ந்து பாத்துட்டுத்தான் எடுத்தேன். ஒயரு அவ்வளவு தூரம்தான் எட்டுச்சு. அதான் கீழயே வெச்சுட்டேன்."

ஒயர்மேன் நூல் முடிச்சுகளைக் குனிந்து பார்த்தான். தன் சட்டையில் ஒவ்வொரு பித்தானுக்கும் பின்னால் அவள் போடும் அதே முடிச்சு.

மூன்று வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இப்போதுதான் தொண்டைக்கு வந்தது.

"அன்னிக்கு அவரு எங்க நின்னாரு?"

"நீங்க நிக்கிற எடத்துலதான். முழங்கால் தண்ணியில."

அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியேறி வந்தான். கடைசிப் படியிலும் ஏறி, ஈரமில்லாத தரையில் இரண்டு காலையும் வைத்த பிறகுதான் அவள் வலது கை திறந்தது.

உள்ளங்கையில் பதிந்துபோய்க் கிடந்தது, மெயின் போர்டிலிருந்து பிடுங்கிய வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை.