இரண்டாவது டின்

“வாயிலை வைக்காதை, பிள்ளை!”

துரைசிங்கம் மாஸ்டர் போட்ட சத்தத்தில் ராக்காயியின் விரல் டின்னுக்குள்ளேயே நின்றது.

“கொயினா மருந்துன்னா கசக்கும்ல, மாஸ்டரு? நாக்குல வச்சாத் தெரிஞ்சிரும். எம்புருசன் மூணு நாளா மலேரியாக் காய்ச்சல்ல பொலம்பிக்கிட்டுக் கெடக்காரு.”

“லாலான் புல்லுக்கு அடிக்கிற விஷமும் இதே வெள்ளைதான். போன மாசம் மாடு நக்கிச் செத்தது மறந்து போச்சோ?”

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பின் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் மிஞ்சியவை அந்த இரண்டு டின்கள்தான். பெயர்ச்சீட்டுகளைக் கரையான் தின்றிருந்தது.

“நல்லவேளை, நீங்க எங்க லயத்து வீட்டுக்குக் குடிவந்தீங்க” என்றாள் ராக்காயி.

“பள்ளிக்கூடத்தை ஜப்பான்காரன் மூடின நாள் தொட்டு உங்கடை கிழங்கிலைதானே இந்த விஞ்ஞான மாஸ்டர் உயிரோடை இருக்கிறன்.”

வாசலில் பூட்ஸ் சத்தம். உள்ளே வந்த ஜப்பானியச் சிப்பாய் டின்களைக் கண்டதும் முகம் மலர்ந்தான். “கூலா?” சீனியா என்று மலாயில் கேட்டான்.

மாஸ்டர் கையமர்த்தினார். புகைக்கூடத்துத் தணலை அள்ளி வந்து, முதல் டின்னின் பொடியை அதில் தூவினார். பொடி உருகிப் பொங்கிக் கறுத்தது. சீனி கருகும் மணம்! சிப்பாய் கைதட்டினான்.

இரண்டாவது பொடியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் இட்டு, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் சில சொட்டு விட்டார். பொடி கரைந்து தண்ணீர் தெளிந்தது. வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்ததும், நிறமற்ற அந்தத் தண்ணீரின் விளிம்பில் நீல ஒளி எரிந்தது.

“ராச்சுன்!” மாஸ்டர் மலாயில் அலறிக் குவளையை வீசியெறிந்தார். “விஷம்! தொட்டால் சாவு!”

சிப்பாய் பின்னால் தாவினான். பிறகு, தன் உயிரைக் காத்தவரை இடுப்பு வளைய வணங்கி, “அரிகாத்தோ, அரிகாத்தோ” என்று நன்றி சொன்னான். விஷத்தைப் புதைக்கும்படி சைகை காட்டிவிட்டு, சீனி டின்னோடு போனான்.

ராக்காயி தரையில் சரிந்தாள்.

“ரெண்டுல ஒண்ணு கொயினாவா இருக்கணும்னு மாரியாத்தாள வேண்டுனேனே! இனி அந்த மனுசன் எப்படிப் பொழைப்பாரு?”

சிப்பாயின் தொப்பி ரப்பர் மரங்களுக்குள் மறையும்வரை மாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு குனிந்து, டின்னை அவள் மடியில் வைத்தார்.

“கெதியா ஓடு, பிள்ளை. வெயிலிலை அப்பிடி நீலமாய் மின்னுறது கொயினாதான்.”